அடுத்த டூரில் மெய்டன் எந்தப் பாட்டுகளை வாசிக்கும்? கொழும்பு ரசிகருக்கான முழுமையான கணிப்பு வழிகாட்டி

1975இல் தொடங்கிய அயர்ன் மெய்டன் என்ற பிரித்தானிய ரொக் இசைக்குழு இன்னும் மேடையில் நிற்கிறது, புது டூர் அறிவித்தவுடன் உலகம் முழுக்க ரசிகர்கள் "எதை வாசிப்பார்கள், எதை விடுவார்கள்" என்று கதைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். லண்டனில் இருக்கிறவருக்கு இது பொழுதுபோக்கு. ரயில் ஏறிப் போய்ப் பார்ப்பார், பிடித்த பாட்டு வரவில்லையென்றால் அடுத்த டூரில் பார்த்துக்கொள்வார். கொழும்பில் இருக்கிற நமக்கு அப்படி இல்லை. அயர்ன் மெய்டன் இலங்கைக்கு வந்ததே இல்லை. நமக்குக் கிட்ட வந்தது என்றால் 2007 மார்ச்சில் பெங்களூர், 2008 பெப்ரவரி 1இல் மும்பை, 2009இல் மறுபடி பெங்களூர், 2011இல் சிங்கப்பூர். விமான டிக்கெட், விசா, தங்குமிடம், வேலையில் லீவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஒரு டூருக்குப் போகிறவர் அடுத்த இரண்டை விட்டுவிடத்தான் வேண்டும். ஆகவே எந்த டூரில் எந்தப் பாட்டு வரும் என்பது நமக்குக் காசோடும் காலத்தோடும் சம்பந்தப்பட்ட கேள்வி, அதற்கு ஒழுங்கான ஒரு முறை தேவை.

இந்த முறை மெய்டனுக்காக எழுதப்பட்டது, ஆனால் பழைய இசைக்குழு எதற்கும் சின்னத் திருத்தங்களோடு பொருந்தும். பேனையும் கொப்பியும் போதும். எக்செல் தெரிந்தால் இன்னும் வசதி.

முதலில் ஆசையை எழுதி ஒதுக்கி வையுங்கள்

கேட்டே ஆகவேண்டும் என்று நினைக்கிற பாட்டுகளை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். மனதில் இருக்கிற அத்தனையும் வரட்டும். எழுதி முடித்ததும் அந்தத் தாளை மடித்து வைத்துவிடுங்கள், கடைசிப் படியில்தான் திரும்ப எடுக்கப்போகிறோம்.

இதை ஏன் முதலிலேயே செய்யவேண்டும் என்றால், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நாலு பெடியள் பிளேன்டீயோடு உட்கார்ந்து பட்டியல் போட்டால் நடக்கிறது ஒன்றுதான்: ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்ததைச் சொல்லிவிட்டு அதற்குப் பிறகு காரணம் தேடுவார்கள். "இந்தமுறை கட்டாயம் 'எம்பயர் ஒஃப் த கிளவுட்ஸ்' வரும் மச்சான்" என்று ஒருத்தர் உறுதியாகச் சொல்வார். 2015இல் வந்த பாட்டு, 18 நிமிடம், பியானோவோடு தொடங்குகிறது. அது வந்த அல்பத்துக்கான டூரிலேயே மேடையேறவில்லை. அதை விரும்புவதில் ஒரு பிழையும் இல்லை, நானும் விரும்புகிறேன், ஆனால் அது ஆசைத் தாளில்தான் இருக்கவேண்டும்.

இது எந்த வகை இசைக்குழு?

ஒவ்வொரு இரவும் பட்டியலை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பேர்ல் ஜாம் அந்த வகை. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் ரசிகர்கள் தூக்கிப் பிடிக்கிற அட்டைகளைப் பார்த்து அந்த இடத்திலேயே பாட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். இவர்களுக்குக் குறிப்பிட்ட ஓர் இரவின் பட்டியலைக் கணிப்பது வீண் வேலை, ஒரு பாட்டு அந்த டூரில் எத்தனை இரவுக்கு ஒருமுறை வருகிறது என்று பார்ப்பதுதான் சரி. இடையில் நிற்கிறது மெட்டாலிக்கா: எப்போதும் வருகிற தூண் பாட்டுகள் மாறாது, நடுவில் சில இடங்கள் சுழலும். 2023இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய அவர்களுடைய டூரில் ஒரே ஊரில் இரண்டு இரவு வாசித்து, முதல் நாள் பாட்டு ஒன்றுகூட இரண்டாம் நாள் வராமல் பார்த்துக்கொண்டார்கள். அப்படியான டூருக்குக் கொழும்பிலிருந்து போகிறவர் இரண்டு நாளுக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் எடுக்கவேண்டும், ஒரு நாள் மட்டும் போனால் பாதியைத்தான் பார்த்தது.

மூன்றாவது வகை ஏசி/டிசி, மெய்டன் போன்றவர்கள். முதல் இரவு என்ன வாசிக்கிறார்களோ கிட்டத்தட்ட அதையேதான் அந்தச் சுற்று முடியும்வரை வாசிப்பார்கள். வெளிச்சம், மேடைப் பொருட்கள், உடை மாற்றம் எல்லாம் பாட்டோடு கட்டப்பட்டிருக்கும். சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். நமக்கு இது வரம். முதல் இரவுக்கு முன் கணிக்கிறோம், முதல் இரவு முடிந்ததும் எங்கே போனால் என்ன கிடைக்கும் என்பது உறுதியாகத் தெரிந்துவிடும்.

டூர் எந்த வகை என்பதில்தான் பாதி விடை இருக்கிறது

எல்லோரும் அவசரமாகத் தாண்டுகிற படி இது. நான் இதில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன்.

மெய்டன் பல வருடங்களாக இரண்டு வகை டூர்களை மாற்றி மாற்றிச் செய்துவருகிறது: பழைய பாட்டுகளை வாசிக்கிற பழைமை டூர், புதிதாக வந்த அல்பத்தை முன்னிறுத்துகிற புது அல்ப டூர். 2005இல் முதல் நான்கு அல்பங்களின் பாட்டுகள். 2006இல் அப்போது வந்த புது அல்பத்தை முழுசாக, பத்துப் பாட்டையும் வாசித்தார்கள். 2008இல் எண்பதுகளின் பாட்டுகளோடு பழைமை டூர், அதுதான் மும்பையில் ஆரம்பித்தது. 2010இல் புது அல்பம், 2012இல் மறுபடி பழைமை, 2016இல் 'த புக் ஒஃப் சோல்ஸ்' என்ற புது அல்பம், 2018இல் 'லெகசி ஒஃப் த பீஸ்ட்' என்ற பெயரில் பழைமை. 2023இல் 'த ஃபியூச்சர் பாஸ்ட்' இரண்டையும் கலந்தது. 2025இல் 'ரன் ஃபோர் யுவர் லைவ்ஸ்', முதல் ஒன்பது அல்பங்களிலிருந்து மட்டும்.

இதைத் தெரிந்துகொண்டு கடைசி நான்கு டூர்களையும், அதாவது 2016, 2018, 2023, 2025இன் முதல் இரவுப் பட்டியல்களை, பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பழைய பட்டியல்கள் செட்லிஸ்ட் டொட் எஃப்எம் தளத்தில் கிடைக்கும். பிறகு ஒவ்வொரு பாட்டும் நான்கில் எத்தனை தடவை வந்தது என்று எண்ணுங்கள்.

'த ட்ரூப்பர்', 'ஃபியர் ஒஃப் த டார்க்', 'அயர்ன் மெய்டன்' மூன்றும் நான்கிலும் இருக்கின்றன. இவை தூண்கள். 'ஹலோட் பீ தை நேம்', 'த நம்பர் ஒஃப் த பீஸ்ட்', 'வேஸ்டட் இயர்ஸ்' மூன்றும் நான்கில் மூன்று. 'ரன் டு த ஹில்ஸ்', 'ஏசஸ் ஹை', 'டூ மினிட்ஸ் டு மிட்நைட்' நான்கில் இரண்டு.

இங்கேதான் கவனமாக இருக்கவேண்டும். நான்கில் இரண்டு என்றால் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று எழுதிவிடத் தோன்றும், அது சரியில்லை. அந்த மூன்று பாட்டும் வந்த இரண்டு டூரும் எவை என்று பாருங்கள்: 2018, 2025. இரண்டுமே பழைமை டூர்கள். 2016இலும் 2023இலும், அதாவது புது அல்பத்துக்கு இடம் கொடுக்க வேண்டியிருந்தபோது, மூன்றும் ஒன்றாக வெளியே போயிருக்கின்றன. ஆகவே 'ரன் டு த ஹில்ஸ்' வருமா என்ற கேள்விக்குப் பாதிக்குப் பாதி என்ற விடை எந்த டூருக்கும் பொருந்தாது. பழைமை டூர் என்றால் எண்பது வீதத்துக்கு மேல் போடுங்கள், புது அல்ப டூர் என்றால் இருபதுக்கு இறக்குங்கள். மெய்டனை அதிகம் தெரியாத ஆக்களுக்கும் தெரிந்த பாட்டு அது, அப்படியிருந்தும் 2023இல் வரவில்லை. 'த நம்பர் ஒஃப் த பீஸ்ட்', 'ஹலோட்' இரண்டுமே அந்த வருடம் இல்லை. அதைப் பார்த்து அதிர்ந்துபோன நிறையப் பேர் டூர் எந்த வகை என்பதை யோசிக்காமல் பட்டியல் போட்டவர்கள்தான்.

புது அல்ப டூர் என்றால் புதிதிலிருந்து எத்தனை? 2016இல் ஆறு, 2023இல் 'சென்ஜுட்சு' அல்பத்திலிருந்து ஐந்து. 2006 ஒரு விதிவிலக்கு. ஐந்து அல்லது ஆறு என்று எழுதுங்கள், மீதியைப் பழையவற்றுக்கு விடுங்கள். 2023இன் அமைப்பு பார்க்கவே அழகாக இருக்கும்: மொத்தம் 15 பாட்டு, புது அல்பத்திலிருந்து ஐந்து, 1986இல் வந்த 'சம்வெயர் இன் டைம்' அல்பத்திலிருந்து ஐந்து, மற்றைய எல்லாக் காலத்துக்கும் சேர்த்து ஐந்து.

அறிவிப்பில் சொன்னதையும் சொல்லாததையும் படியுங்கள்

டூர் அறிவிப்பை ஒருமுறை வாசித்துவிட்டு விடாதீர்கள். போஸ்டரில், மெய்டனின் சின்னமாக எல்லா அல்ப அட்டைகளிலும் வருகிற எடி எப்படி நிற்கிறான் என்று பாருங்கள். 2023 டூரின் படத்தில் 1986இன் எதிர்கால எடியும் 'சென்ஜுட்சு' அல்பத்தின் சாமுராய் எடியும் கலந்திருந்தார்கள், எந்த இரண்டு அல்பம் முன்னுக்கு வரும் என்பதை அந்தப் படமே சொல்லிவிட்டது.

அதேநேரம் அறிவிப்பை அளவுக்கு மீறியும் நம்பக்கூடாது. 2025க்கு "முதல் ஒன்பது அல்பங்கள்" என்று சொன்னதும் பலர் ஒன்பதுக்கும் ஆளுக்கு இரண்டு பாட்டு என்று பிரித்துப் பட்டியல் போட்டார்கள். நடந்தது வேறு. 17 பாட்டில் 'பவர்ஸ்லேவ்' அல்பத்துக்கு மட்டும் நான்கு, இரண்டாவது மூன்றாவது அல்பங்களுக்கு ஆளுக்கு மூன்று, ஆனால் 'பீஸ் ஒஃப் மைன்ட்' அல்பத்துக்கு ஒன்றே ஒன்று. 1990இல் வந்த 'நோ ப்ரேயர் ஃபோர் த டையிங்' அல்பத்துக்கு எதுவும் இல்லை. அந்த அல்பத்தில்தான் பிரித்தானியாவில் முதலிடம் பிடித்த அவர்களுடைய பாட்டே இருக்கிறது! அறிவிப்பு எல்லையை மட்டும்தான் சொல்கிறது. அந்த எல்லைக்குள் அவர்கள் எங்கே நிற்க விரும்புவார்கள் என்பதைப் பழைய பட்டியல்களிலிருந்துதான் எடுக்கவேண்டும்.

அறிவிப்பு ஒரு கதவையும் திறந்து விடலாம். 'அலெக்சாண்டர் த கிரேட்' 1986இல் வந்தும் 37 வருடம் ஒருமுறைகூட மேடையேறாத பாட்டு. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அதற்குப் பூச்சியம். ஆனால் 'சம்வெயர் இன் டைம்' அல்பத்தை முன்னிறுத்தி ஒரு டூர் என்று சொன்ன பிறகு அதைப் பூச்சியத்தில் வைத்திருக்க முடியாது, அந்த அல்பத்தில் ரசிகர்கள் இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது அதுதானே. 2023 மே 28ஆம் திகதி ஸ்லோவேனியாவின் லியூப்லியானாவில் அது முதன்முதலாக ஒலித்தது. 2018இல் 'ஃப்ளைட் ஒஃப் இக்காரஸ்' முப்பது வருடத்துக்கு மேல் கழித்துத் திரும்பி வந்ததும் இதே மாதிரித்தான். ஆகவே ஒவ்வொரு டூருக்கும் ஒரு "நீண்டகாலம் காணாத பாட்டு" இடத்தை ஒதுக்குங்கள். அது எது என்று சரியாகச் சொல்வது கஷ்டம், ஆனால் இடம் இருக்கும் என்பது ஏறக்குறைய நிச்சயம்.

பாட்டை எண்ணாதீர்கள், நிமிடத்தை எண்ணுங்கள்

2016இல் 15 பாட்டு, 2018இல் 16, 2023இல் 15, 2025இல் 17. எண்ணிக்கை மாறினாலும் மொத்த நேரம் பெரிதாக மாறுவதில்லை, இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாகவே நிற்கும். அதில் பாடகர் புரூஸ் டிக்கின்சன் சனத்தோடு கதைக்கிற நேரத்தையும், என்கோருக்கு (மேடையை விட்டுப் போய்த் திரும்பி வந்து வாசிக்கிற கடைசிப் பாட்டுகளுக்கு) முன் வருகிற இடைவெளியையும் கழித்துவிட்டு, ஒரு 100 நிமிடத்தைப் பாட்டுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அல்பத்தில் இருக்கிற நீளத்தைப் போட்டுக் கூட்டுங்கள். 'த ட்ரூப்பர்' நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல். 'ஃபியர் ஒஃப் த டார்க்' ஏழுக்கு மேல். 'ரைம் ஒஃப் த ஏன்ஷன்ட் மரினர்' பதின்மூன்றரை நிமிடத்துக்கு மேல், அதாவது அதை உள்ளே வைத்தால் மூன்று 'ட்ரூப்பர்' அளவுக்கு இடம் போய்விடும். 2025இல் அதை வைத்ததோடு பத்து நிமிடத்துக்குக் கிட்ட ஓடுகிற 'செவன்த் சன் ஒஃப் எ செவன்த் சன்' பாட்டையும் வைத்தார்கள், மீதியில் நிறையச் சின்னப் பாட்டுகளைப் போட்டு எண்ணிக்கையை 17க்குக் கொண்டுபோனார்கள். 2023இல் 'ஹெல் ஒன் ஏர்த்' பதினொரு நிமிடம், 'டெத் ஒஃப் த கெல்ட்ஸ்' பத்து, 'அலெக்சாண்டர்' எட்டரை. அதனால் 15தான். நீங்கள் போட்ட பட்டியல் 130 நிமிடம் வந்தால் அது இன்னும் ஆசைப் பட்டியல்தான், ஏதாவது வெளியே போகவேண்டும். எதை வெளியே போடுகிறீர்கள் என்பதில்தான் கணிப்பே இருக்கிறது.

ஊரையும் பாருங்கள். இந்தியாவில் திறந்த வெளியில் இரவு 10 மணிக்குப் பிறகு ஒலிபெருக்கிக்குத் தடை, 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் அப்படித்தான் இருக்கிறது, விசேஷ அனுமதி கிடைத்தால்தான் நீட்டலாம். ஆகவே பெங்களூரோ மும்பையோ என்றால் நிகழ்ச்சி நேரத்துக்குத் தொடங்குகிறதா, அவர்களுக்கு முன்னால் எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். நேரக் கட்டுப்பாடு சும்மா விளையாட்டில்லை. 2012 ஜூலையில் லண்டன் ஹைட் பார்க்கில் ஸ்பிரிங்ஸ்டீனும் போல் மெக்கார்ட்னியும் மேடையில் நிற்கும்போதே, நேரம் கடந்துவிட்டது என்று ஒலியை நிறுத்திவிட்டார்கள். விழாக்களில் பல இசைக்குழுக்களோடு சேர்ந்து வந்தால் இன்னும் குறையலாம். 2025 ஜூலை 5இல் பேர்மிங்ஹாமில் பிளாக் சபத் கடைசியாக ஒன்றுகூடியபோது அவர்கள் வாசித்தது நான்கே நான்கு பாட்டு.

வயது, உடம்பு, ஆள் மாற்றம், வழக்கு

டிக்கின்சன் 1958இல் பிறந்தவர், 2015இல் தொண்டைப் பகுதியில் புற்றுநோய் வந்து மீண்டவர். அந்த வயதில் அந்தக் குரல் இன்னும் அந்த உயரத்துக்குப் போவது எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியம்தான். ஆனாலும் உச்சஸ்தாயிப் பாட்டுகள் மூன்று அடுத்தடுத்து வராது, நடுவில் மூச்சு விட ஒரு நீண்ட வாத்தியப் பகுதி இருக்கும். மெய்டனின் நீண்ட பாட்டுகள் அந்த வேலையையும் சேர்த்துத்தான் செய்கின்றன. மற்றைய இசைக்குழுக்களில் குரல் ஒரு பாட்டை ஒரேயடியாக வெளியே தள்ளிவிடும். டீப் பர்பிளின் 'சைல்ட் இன் டைம்' 2002க்குப் பிறகு அவர்கள் மேடையில் இல்லை, ரசிகர் எவ்வளவு கேட்டாலும் பாடகர் இயன் கில்லன் அதை இனிப் பாடப்போவதில்லை. அப்படியானதற்கு ஒரு வீதம்கூடக் கொடுக்கவேண்டாம்.

ஆள் மாறினால் பட்டியலும் அசையும். நாற்பது வருடத்துக்கு மேல் டிரம்ஸ் வாசித்த நிக்கோ மெக்பிரெய்ன் 2023 தொடக்கத்தில் பக்கவாதம் வந்த பிறகும் அந்த டூரை முழுசாக வாசித்து முடித்தார், 2024 டிசம்பரில் சாவோ பாவ்லோ மேடையோடு டூர்களிலிருந்து விலகினார். அவருடைய இடத்துக்கு சைமன் டோசன் வந்தார். புதிய டிரம்மர் வந்த முதல் டூரில் பழைய, நேரான, வேகமான பாட்டுகள் அதிகம் வந்ததைப் பாருங்கள். அதுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் கணிப்பில் சேர்க்கவேண்டிய விஷயம்.

வழக்கும் ஒரு பாட்டை நிறுத்தும். 'ஹலோட் பீ தை நேம்' 2016இல் இருந்தது, 2017 சுற்றில் பாடல்வரி உரிமை தொடர்பான வழக்கால் இல்லாமல் போனது, 2018இல் திரும்பியது. எண்ணிக்கையில் திடீர் ஓட்டை ஒன்று தெரிந்தால் அதற்குப் பின்னால் என்ன நடந்தது என்று தேடிப் பார்க்காமல் அந்தப் பாட்டின் வீதத்தைக் குறைக்காதீர்கள்.

மேடைப் பொருள்

2018இல் மேடைக்கு மேல் ஒரு ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மாதிரியைப் பறக்க விட்டார்கள், ஆகவே அந்தப் போர் விமானிகளைப் பற்றிய 'ஏசஸ் ஹை' இல்லாமல் அந்தச் சுற்று இல்லை. ஏசி/டிசியிடம் பீரங்கிகள் இருக்கும்வரை கடைசிப் பாட்டு எது என்று யாரும் கேட்கத் தேவையில்லை, அவை வெடிக்கிற 'ஃபோர் தோஸ் அபவுட் டு ரொக்'தான். இப்படி ஒரு பொருளைச் செய்து ஊர் ஊராகக் கொண்டுபோகிறார்கள் என்றால் அதோடு கட்டிய பாட்டுக்குத் தொண்ணூற்றைந்து வீதம் போட்டுவிடுங்கள், வேறு கணக்கே வேண்டாம்.

வரிசை

எந்தப் பாட்டு என்பதைவிட எந்த இடத்தில் என்பது சுவாரசியமானது. கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும்: வர்ணத்தில் தொடங்கி, நடுவில் தனி ஆவர்த்தனத்தோடு பெரிய உருப்படி, அப்புறம் துக்கடா, கடைசியில் மங்களம். மெய்டனுக்கும் அப்படியொரு ஒழுங்கு இருக்கிறது. வெளிச்சம் அணைவதற்கு முன் யூஎஃப்ஓ என்ற இன்னொரு இசைக்குழுவின் 'டொக்டர் டொக்டர்' பாட்டை ஒலிபரப்புவார்கள், அது கேட்டால் கழிவறைக்குப் போனவர்களும் ஓடிவருவார்கள். முதல் பாட்டைக் கணிக்கும்போது ஏதாவது ஓர் அல்பத்தின் முதல் பாட்டைத் தேடுங்கள். 2016, 2018, 2023 மூன்றிலும் அப்படித்தான் தொடங்கினார்கள். 2025இல்தான் 'மர்டர்ஸ் இன் த ரூ மோர்க்' என்ற எதிர்பாராத தொடக்கம். நீண்ட பாட்டுகளை நடுவில் வையுங்கள்.

முடிவு இன்னும் உறுதியானது. நான்கு டூர்களிலும் முதன்மைப் பகுதி 'அயர்ன் மெய்டன்' பாட்டோடுதான் முடிந்தது, நான்கிலும் என்கோரில் மூன்று பாட்டு. நான்கில் மூன்று தடவை இரவின் கடைசிப் பாட்டு 'வேஸ்டட் இயர்ஸ்'. ஆகவே உங்கள் பட்டியலின் கீழ்ப்பகுதியை முதலில் எழுதுங்கள், பிறகு மேலே போங்கள்.

வீதங்களைக் கூட்டிப் பாருங்கள்

என்னைப் பொறுத்தவரை இந்த முறையின் இதயம் இதுதான். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வீதம் போட்ட பிறகு எல்லா வீதங்களையும் கூட்டுங்கள். 17 பாட்டு வரும் என்று நினைத்தால் கூட்டுத்தொகை 1700க்குக் கிட்ட வரவேண்டும். அனேகமாக உங்களுக்கு முதல் தடவை 2500 வரும், அதாவது இருக்கிற இடத்தைவிட எட்டுப் பாட்டு அதிகமாக நம்பிவிட்டீர்கள்.

நான் போடுகிற ஓர் அமைப்பு: தூண்கள் மூன்றுக்கு ஆளுக்கு 95, அடுத்த நான்குக்கு 70, எட்டுப் பாட்டுக்கு 50, பத்துக்கு 30, பதினைந்துக்கு 20, பதின்மூன்றுக்கு 10. கூட்டினால் 1695. மொத்தம் 53 பாட்டு களத்தில் இருக்கின்றன, வரப்போவது 17. இதிலிருந்து மேலே இருக்கிற 17ஐ மட்டும் எடுத்தால் எத்தனை சரியாக வரும்? மூன்று தூண்களிலிருந்து கிட்டத்தட்ட மூன்று, அடுத்த நான்கிலிருந்து மூன்று, எட்டிலிருந்து நான்கு, முப்பது வீதத்தில் எடுத்த இரண்டிலிருந்து ஒன்று வந்தாலும் வரலாம். பத்து சரி. ஒழுங்காகக் கணக்குப் போட்டவருக்கே 17இல் பத்துத்தான் எதிர்பார்க்கலாம். ஆகவே யாராவது 15 சரியாகச் சொன்னேன் என்றால், பட்டியலை முதல் இரவுக்கு முன் எழுதினாரா என்று கேளுங்கள்.

முறை சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. 2023 பட்டியலைப் பார்க்காத ஒரு நண்பரிடம், 2022வரையான தகவலை மட்டும் கொடுத்துக் கணிக்கச் சொல்லுங்கள். அப்புறம் விடையைக் காட்டுங்கள். எங்கே தடுமாறுகிறார் என்பது உடனே தெரியும், அனேகமாகப் பழைய ஹிட் பாட்டுகளுக்கு அதிகம் கொடுத்திருப்பார்.

கூட்டமாகச் செய்யும்போது

பட்டியல்களை முதல் இரவுக்கு முந்தின நாளே வாங்கி ஒருவரிடம் பூட்டி வையுங்கள், பிறகு திருத்தம் கிடையாது. சரியான ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு புள்ளி, முதல் பாட்டைச் சரியாகச் சொன்னால் மேலதிகமாக மூன்று, என்கோரில் சரியான இடத்தில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் மேலதிகமாக ஒன்று. பத்து வீதமோ அதற்குக் குறைவாகவோ போட்ட ஒரு பாட்டைத் துணிந்து பட்டியலில் சேர்த்து அது வந்தால் ஐந்து கொடுங்கள், துணிவுக்குப் பலன் இருக்கவேண்டும். புள்ளி சமமாக வந்தால் மொத்த நேரத்தை யார் கிட்டச் சொன்னார் என்று பாருங்கள். கடைசியில் வருகிறவர் எல்லோருக்கும் கொத்து வாங்கித் தரவேண்டும்.

முதல் இரவு

மத்திய ஐரோப்பாவில் கோடை காலத்தில் தொடங்கும் டூர் என்றால் நேர வித்தியாசம் மூன்றரை மணித்தியாலம். 2025 மே 27இல் புடாபெஸ்டில் தொடங்கியது போல, அங்கே இரவு ஒன்பது என்றால் கொழும்பில் நள்ளிரவு கடந்து பன்னிரண்டரை. ஒவ்வொரு பாட்டும் தொடங்கும்போதே செய்தி வந்துகொண்டிருக்கும், முடிய விடியற்காலை இரண்டரை ஆகும். அடுத்த நாள் வேலைக்குப் போகவேண்டியவர்கள் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். விழித்திருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நேரில் பார்க்கப் போகிற சிலர் ஒன்றும் தெரியாமல் போகத்தான் விரும்புவார்கள். குழுவில் பட்டியலைப் போடுவதற்கு முன் கேளுங்கள். முதல் பாட்டின் ஒரு வரி போதும் ஒருவருடைய எட்டு மாதக் காத்திருப்பைக் கெடுக்க.

பட்டியல் வந்த பிறகு

இப்போது மடித்து வைத்த ஆசைத் தாளை எடுங்கள். அதிலிருக்கிற எத்தனை பாட்டு உண்மையில் வந்திருக்கிறது என்று பாருங்கள். மூன்று நான்கு வந்திருந்தால், அதிலும் 'ரைம்' மாதிரி 2009க்குப் பிறகு 2025வரை காணாமல் போயிருந்த ஒன்று வந்திருந்தால், காசைப் பார்க்காமல் போங்கள் என்றுதான் சொல்வேன். அவர்கள் வயதைப் பார்த்தால் அதே பாட்டு இன்னொரு தடவை வரும் என்று காத்திருக்க முடியாது. ஒன்றுமே வரவில்லையென்றால் அவசரப்படாதீர்கள், ஒரே டூர் பெயரில் அடுத்த வருடச் சுற்று மாறலாம். 2018இல் தொடங்கிய 'லெகசி' டூர் 2022இல் திரும்பியபோது முதல் மூன்று பாட்டும் 'சென்ஜுட்சு' அல்பத்திலிருந்து வந்தன, ஸ்பிட்ஃபயரும் 'ஏசஸ் ஹை' பாட்டும் கடைசிக்குப் போயின. ஆகவே டிக்கெட் எடுக்கும்போது அந்த வருடத்தின் முதல் இரவு முடியும்வரை பொறுப்பது நல்லது, விற்றுத் தீர்ந்துவிடும் என்ற பயம் இருந்தால் மட்டும் முன்னரே எடுங்கள்.

போவது என்று முடிவானால் இந்திய விசா, லீவு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பட்டியலில் உங்களுக்குப் பழக்கமில்லாத பாட்டுகளை வரிசைப்படி கேட்கத் தொடங்குங்கள். அல்பப் பதிவோடு நிற்காமல் அந்த டூரின் நேரடிப் பதிவு கிடைத்தால் அதையும் கேளுங்கள், சனம் எங்கே சேர்ந்து பாடுகிறது என்பது அதில்தான் விளங்கும். 'ஃபியர் ஒஃப் த டார்க்' பாட்டில் கிட்டார் மெட்டையே எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள், அந்த இடத்துக்குச் சொற்கள் தேவையில்லை. மற்றையவற்றுக்குக் கோரஸ் வரிகளையாவது மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்.